விட்ட மீன் பிழைத்ததா?

மார்ச் கடைசியில் தண்ணீரின் குளிர் கொஞ்சம் விட்டதும் நியூ ஜெர்சியின் ராரிட்டன் விரிகுடாக் கரையெங்கும் தூண்டில் கம்புகள் முளைத்துவிடும். ஹட்சன் ஆற்றில் முட்டையிடப் போகும் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீனின் (சுருக்கமாக ஸ்ட்ரைப்பர்) கூட்டத்துக்கு இதுதான் வழி. சௌத் அம்பாய், கீபோர்ட், சாண்டி ஹூக் என்று நான் வேலைக்கு நிற்கும் இடங்களில் எடிசன் ஊர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களையும் இப்போது நிறையப் பார்க்கிறேன். என் வேலை கணக்கெடுப்பு. வைத்துக்கொண்ட மீனை அளந்து எடை போடுவேன். விட்ட மீன் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்வேன். அபராதம் போடுகிற ஆள் நான் இல்லை. அது தெரிந்த பிறகுதான் பலரும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அதிகம் கேட்கிற பதில் இது: “அளவு தேறல சார், விட்டுட்டேன்.” சொல்லும்போதே குரலில் ஒரு நிம்மதி தெரியும். மீன் தண்ணீருக்குள் போய்விட்டது, கதை முடிந்தது என்ற நினைப்பு.

எங்கள் கணக்கில் முடிவதில்லை. கரையோர மாநிலங்களுக்குப் பொதுவான அட்லாண்டிக் கடல் மீன்வள ஆணையம், விடப்படும் ஸ்ட்ரைப்பரில் 100க்கு 9 பிற்பாடு செத்துப்போகும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கம்பு போடுகிறவர்கள் பிடிப்பதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள். அது ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வரும். ஆகவே 9 சதவீதம் சின்ன எண் அல்ல. சில ஆண்டுகளில் இந்த மீன்வளத்துக்கு மனிதரால் வந்த மொத்த இழப்பில் ஏறக்குறைய பாதி இப்படிப் போனதுதான். ஒருவர் சட்டியிலும் ஏறாத மீன்கள்.

அந்த 9 என்பதும் சராசரிதான். மாசசூசெட்ஸ் உப்புநீரில் செய்து 1996இல் வெளியான ஆய்விலிருந்து வந்த எண் அது. எல்லாம் சரியாக அமைந்தால் 3, எல்லாம் தப்பினால் 26 என்று அதே ஆய்வு சொல்கிறது. முள் எவ்வளவு ஆழம் போனது, எந்த மாதிரி முள், பிடித்தவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் என்பதைப் பொறுத்த வித்தியாசம் அது. மூன்றும் கம்பு பிடிப்பவர் கையில் இருப்பவை.

முதலில் முள். ஸ்ட்ரைப்பருக்கு இரை கோத்துப் போட்டால் வட்ட முள் கட்டாயம். 2021இல் வந்த விதி. அதன் முனை நேராக நிற்காமல் உள்வாங்கித் தண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கடித்ததும் வெடுக்கென்று சுண்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். வட்ட முள்ளில் அப்படிச் செய்தால் அது வாயிலிருந்து நழுவி வந்துவிடும். ‘இந்த முள்ளே வேஸ்ட்’ என்று பழைய முள்ளுக்குத் திரும்புவார்கள். சுண்டவே கூடாது. தூண்டில் நரம்பு தானாக இறுகும்வரை பொறுத்து நிதானமாகச் சுற்றினால் போதும், முள் தொண்டைப் பக்கமிருந்து சரிந்து வந்து கடைவாயில் மாட்டும். இவ்வளவுக்கும் மீறி விழுங்கிவிட்டால் தோண்டி எடுக்க வேண்டாம். நரம்பை வாய்க்குப் பக்கத்திலேயே வெட்டி விட்டுவிடுவது மேல்.

இரைக்குப் பதிலாகக் கட்டும் பொய்மீனில் மூன்று கொக்கி முள் இரண்டு தொங்கும். ஒன்று வாயில் மாட்டினால் மற்றது செவுளில், கண்ணில், இல்லையென்றால் உங்கள் உள்ளங்கையில். அவற்றைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, முனையருகே உள்ள எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடுமே என்பார்கள். நரம்பைத் தொய்ய விடாதவரை எளிதில் தப்பாது.

அளவு விஷயத்தில்தான் பெரிய குழப்பம். 36 அங்குல மீனைக் காட்டி, “இவ்ளோ பெரிசு, இதை ஏன் சார் விடணும்?” என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே திகைத்துக் கேட்டார். கீழ் எல்லை இருப்பது எல்லாருக்கும் தெரியும்; மேல் எல்லையும் உண்டு. 2023இல் அவசர நடவடிக்கையாகக் கொண்டுவந்த அளவு: 28 அங்குலத்துக்குக் குறையாமல், 31ஐத் தொடாமல். ஆளுக்கு நாளைக்கு ஒன்று. பெரிய ஸ்ட்ரைப்பர் ஏறக்குறைய எல்லாமே பெட்டை, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டையிடும். (நம்மூர்க் கொடுவாவிலும் பெரிசு பெட்டைதான். ஆனால் அது ஆணாக இருந்து பெண்ணாக மாறுகிற மீன். ஸ்ட்ரைப்பர் அப்படி மாறாது, பெட்டை அதிகம் வளரும், அவ்வளவுதான்.) முக்கிய நாற்றங்காலான செசபீக் விரிகுடாவில் 2019இலிருந்து தொடர்ந்து பல ஆண்டுகள் குஞ்சுகள் மிகக் குறைவு. ஏற்கெனவே ஒருமுறை இந்த மீன் அருகிப்போய், அந்த விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலம் 1985 முதல் ஐந்து ஆண்டு பிடிப்பதையே நிறுத்திவைத்தது.

இனி நிற்கும் இடம். ஓதம் ஏறவும் வத்தவும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நகரும் தண்ணீரில் பாதி, நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான் நகரும். மீன் கடிப்பதும் அப்போதுதான்: ஓடை வாயிலும் கல்தடுப்பு முனையிலும் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, அடித்து வரும் சிறு மீன்களுக்குக் காத்திருக்கும். அதனால் எல்லாரும் கல்தடுப்பின் முனைக்கே போகிறார்கள். மீன் மாட்டிய பிறகுதான் அதை எங்கே ஏற்றுவது என்று யோசனை வரும். பாறைமேல் இழுத்தால் உடம்பின் வழுவழுப்பும் செதிலும் உரிந்துபோகும். கீழ்ப்பாறைக்கு இறங்கினால் பாசியில் கால் வழுக்கும். அடியில் ஆணி பதித்த காலணி இல்லாமல் அங்கே இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மீனைவிட ஆள்மேல்தான் கவலை. வீசுவதற்கு முன்பே மணல் திட்டு ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நீளக் கைப்பிடியுள்ள ரப்பர் வலை கொண்டுபோங்கள். மெல்லிய நரம்பில் கால் மணி நேரம் ஆட்டம் காட்டுவது வீடியோவுக்கு அழகு. களைத்த மீன் ஓட்டத்தில் நிமிர்வதில்லை.

கீழ்த்தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம். வயிற்றுக்கு அடியில் ஈரக் கையைக் கொடுத்துக் கிடையாகத் தூக்குங்கள். விடும்போது தலை ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவாக வாலை உதறிப் போகும்வரை பிடித்திருங்கள்.

வெயில் காலத்தில் இவ்வளவு கவனமும் போதாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, அதிலும் உப்பு குறைந்த விரிகுடா நீரில் களைத்த மீன் மீளுவது கடினம். மேரிலாந்து 2021இலிருந்து ஜூலை 16 முதல் 31 வரை ஸ்ட்ரைப்பருக்குத் தூண்டில் போடுவதையே தடுத்துவந்தது. நம் பக்கம் அப்படித் தடை இல்லாவிட்டாலும் ஜூலை, ஆகஸ்ட் பகல்களில் போகாமல் விடியலில் போவது நல்லது.

கடைசியாக, அடிக்கடி வருகிற கேள்வி: “செத்தே போச்சு சார், தண்ணியில போட்டு என்ன பிரயோஜனம்?” அளவுக்கு வெளியே இருந்தால் செத்த மீனையும் வைத்துக்கொள்ள முடியாது, தண்ணீரில்தான் போட வேண்டும். என்னிடம் அதை ‘விட்டது’ என்று சொல்லாமல் ‘செத்தது’ என்றே சொல்லுங்கள். படிவத்தில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.