வைரம் வாங்கும் முன் பட்டையைப் பாருங்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வைரம் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் "எத்தனை காரட்?" என்பார்கள். அடுத்தது, "கரும்புள்ளி ஏதும் இல்லையே?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் கல் ஜொலிப்பது பட்டை தீட்டிய விதத்தில். வைரத்தின் தரம் பார்ப்பதே என் தொழில். பட்டையைப் பற்றி வாங்குபவர்கள் அதிகம் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

வட்ட வைரத்தில் வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள், அதாவது தட்டையாகத் தீட்டிய சிறு முகங்கள், இருக்கும். மேலே நுழையும் ஒளி, அடிப்பக்கப் பட்டைகளில் பட்டு மேலேயே திரும்ப வேண்டும். அடிப்பக்கம் ஆழமாகிவிட்டால் நடுப்பகுதி கறுத்துத் தெரியும்; ஆழம் குறைந்தால் ஒளி கீழே நழுவிக் கல் மங்கிவிடும். நன்றாகத் தீட்டிய 1 காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். அதே எடையில் விட்டம் 6.1தான் என்றால், எடை அடியில் ஒளிந்திருக்கிறது. போட்டால் வெளியே தெரியாத பாகத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள். கடையின் ஸ்பாட்லைட்டில் எந்தக் கல்லும் மின்னும், அதனால் கேட்டு வாங்கி வாசலோர வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

காரட் என்பது வைரத்தில் எடை: 0.2 கிராம், அதாவது 100 சென்ட். தங்கத்தின் 22 காரட் வேறு கணக்கு, அது தூய்மை. ஏழுகல் தோடு வாங்குபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். கல்லுக்கு 10 சென்ட் என்றால் ஜோடியின் 14 கல்லும் சேர்ந்து 1.4 காரட். ஆனால் 1.4 காரட் ஒற்றைக் கல்லின் விலைக்கு அது கிட்டேகூட வராது. பெரிய கல் அரிது என்பதால் காரட்டுக்கான விலையே ஏறிவிடும்.

சரி, கரும்புள்ளி? தோஷம் என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது, அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தெளிவுத் தரத்தை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். விஎஸ், அதாவது மிகச் சிறிய குறை மட்டுமே உள்ள தரத்துக் கல்லில் இருக்கும் குறை பொதுவாக வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் மேல் தரமான விவிஎஸ்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல பட்டைக்குக் கொடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். நிறத்துக்கு டி (நிறமற்றது) முதல் இசட் (மஞ்சள் சாயல்) வரை வரிசை. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் ஜே நிறமே போதும்.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. கடைகளில் வைத்திருக்கும் சாதாரண வெப்பச் சோதனைப் பேனா இயற்கைக் கல், வளர்த்த கல் இரண்டையும் வைரம் என்றே காட்டும். வைரம் போலவே தோன்றும் வேறு கல்லான மோய்சனைட்டையும் பல பேனாக்கள் வைரமாகவே காட்டிவிடும். அதனால் பெரிய கல்லென்றால் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற, விற்பவரைச் சாராத தனி ஆய்வகத்தின் அறிக்கை கேளுங்கள். கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் எண் பொறித்திருந்தால், லென்ஸில் அதைக் காட்டச் சொல்லி, அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். அப்புறம், இயற்கைக் கல்லா வளர்த்த கல்லா, எடை எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.