பம்பர் போனால் ஆயிரம், போனஸ் போனால் ஆறாயிரம்

கார் வாங்கும் அன்று ஷோரூமில் நீட்டப்படும் தாள்களில் யாரும் படிக்காதது காப்பீட்டுப் பாலிசி. பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு பிரீமியத் தொகைகள் தனித்தனியே இருக்கும். ஒன்று, நம் கார் மோதிப் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கானது. இன்னொன்று நம் காருக்கானது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது முதலாவதை மட்டுமே. இந்த மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் முதல்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டுக்கு இதில் உச்சவரம்பு இல்லை. பிறர் சொத்துக்கான சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. நம் கார் அப்பளமாக நொறுங்கினாலும் இதிலிருந்து நமக்கு ஒரு பைசா வராது. இதன் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த பட்டியலில் 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதே தொகைதான், பேரத்துக்கு வழியில்லை.

2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு இதை மூன்றாண்டுக்குச் சேர்த்தே வசூலிக்கிறார்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று பாலிசியை பீரோவில் வைத்துவிடுவார்கள். நம் காருக்கான சொந்தச் சேதக் காப்பீடோ பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்திருக்கும்.

அந்தச் சொந்தச் சேதப் பகுதியில்தான் பிரீமியம் ஏறி இறங்குகிறது. அடிப்படை, ஐடிவி எனப்படும் காரின் காப்பீட்டு மதிப்பு. தயாரிப்பாளரின் விலையிலிருந்து, ஓராண்டு தாண்டிய காருக்கு 20 சதவீதம், நான்காண்டு தாண்டியதற்கு 50 சதவீதம் என்று தேய்மானம் கழிப்பார்கள். ‘பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன்’ என்று வரும் முகவர் பல நேரங்களில் சத்தமில்லாமல் இந்த மதிப்பைத்தான் குறைத்திருப்பார். கார் திருடுபோனால் கிடைப்பது அந்தக் குறைந்த மதிப்புதான். இன்ஜின் அளவு, காரின் வயது, பதிவான ஊர் ஆகியவையும் கணக்கில் வரும். மதுரைப் பதிவைவிடச் சென்னைப் பதிவுக்கு வழக்கமாகச் சற்றுக் கூடுதல்.

இவை எல்லாவற்றையும்விட நம் கையில் இருப்பது நோ கிளைம் போனஸ். கிளைம் செய்யாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய்; 50 சதவீதப் போனஸ் இருப்பதால் கட்டுவது 6,000. தெருமுனைக் கல்லில் இடித்துப் பம்பர் உடைகிறது. புதிய பம்பர் 4,000 ரூபாய். பிளாஸ்டிக் என்பதால் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். மீதி 2,000இல் நாம் கட்டாயமாக ஏற்க வேண்டிய பங்கு, 1,500 சிசி வரையிலான காருக்கு, 1,000. கைக்கு வருவது ஆயிரம். அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யமாகி, 6,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். பழைய இடத்துக்கு ஏற ஐந்தாண்டு ஆகும். அந்தப் பம்பரைக் கைக்காசில் மாற்றிவிடுவதே மேல். பாலிசி காலாவதியாகி 90 நாட்கள் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும்.

நம் ஊரில் ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்கப்படும் ஜீரோ டெப் இணைப்பு (பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்து வாங்குவது) பம்பர் கணக்கில் பார்த்த அந்தத் தேய்மானக் கழிவை நீக்குகிறது, அவ்வளவே. பெயரைப் பார்த்து எல்லாச் சேதமும் அடங்கும் என்று நம்பிவிட வேண்டாம். புதிய காருக்கு நல்லது, பழைய காருக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

சென்னைவாசிகள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது இன்ஜின் பாதுகாப்பு இணைப்பு. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றனவே, அந்தப் பயம் நியாயமானது. வெள்ளச் சேதம், சொந்தச் சேதமும் சேர்ந்த சாதாரண முழுக் காப்பீட்டிலேயே அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை நாமே ஸ்டார்ட் செய்து, நீர் உள்ளே போய் இன்ஜின் உடைந்தால், இந்த இணைப்பு இல்லாதவரின் கிளைம் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். ஆகவே தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். நின்ற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, வண்டியை இழுத்துக்கொண்டு போகச் செய்யுங்கள்.