மார்புத் தகட்டில் உடைந்த அம்பு

1403 ஜூலை 21. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி அருகே நடந்த சண்டையில், 16 வயது இளவரசன் ஹென்றியின் முகத்தில் ஒரு அம்பு பாய்ந்தது. மூக்கின் ஓரமாக நுழைந்து, ஆறு அங்குல ஆழம் போய், மண்டையோட்டின் பின்பக்க எலும்பில் குத்தி நின்றது. தண்டை உருவியபோது இரும்பு நுனி உள்ளேயே தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர், தேன் தோய்ந்த துணி சுற்றிய நெட்டிகளைச் செருகிக் காயத்தின் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார். பிறகு, இதற்கென்றே செய்த ஒரு சின்ன இடுக்கியால் நுனியைப் பிடித்து வெளியே எடுத்தார். பையன் பிழைத்தான். 12 ஆண்டுகள் கழித்து பிரான்சின் அஜின்கோர்ட் போர்க்களத்தில் பிரெஞ்சுப் பிரபுக்கள் மேல் அம்பு மழை பொழியவைத்த ஐந்தாம் ஹென்றி மன்னன் இவன்தான்.

அஜின்கோர்ட் என்றதும், ஆங்கிலேய நீள்வில்லின் அம்புகள் இரும்புக் கவசத்தைப் பனையோலை போலக் கிழித்துப்போட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரிவரவில்லை.

முதலில் வில். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545-இல் மூழ்கியது. 1982-இல் அதைத் தூக்கி எடுத்தார்கள். அதற்குள் 170-க்கும் மேற்பட்ட யூ மர விற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. அவற்றில் பல விற்களை முழுதாக இழுக்க 100 முதல் 180 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். 160 பவுண்டு என்றால் சுமார் 73 கிலோ, கிட்டத்தட்ட ஒரு ஆளின் எடை. சிறுவயதிலிருந்தே பழகினால்தான் உடம்பு இதற்கு ஈடுகொடுக்கும். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோள்பட்டை எலும்பில் அந்தப் பழக்கத்தின் அடையாளமே இருக்கிறது.

இப்படிப்பட்ட வில்லிலிருந்து 80 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் இயக்க ஆற்றல் சுமார் 120 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்துக்கும் இதே அளவு ஆற்றல்தான். பந்து பட்டால் விலா எலும்பு விரிசல் விடலாம், ஆனால் உடம்பைத் துளைக்காது. அம்பு துளைக்கும். ஏனென்றால், பந்து உள்ளங்கை அளவு இடத்தில் பரப்பிவிடும் ஆற்றலை அம்பு ஊசிமுனை அளவு இடத்தில் இறக்குகிறது. தோலும் தசையும் அதைத் தாங்காது. சங்கிலிபோல் கோத்த வளையக் கவசத்துக்கும் இதே சிக்கல்தான். கூர்முனை ஒரு வளையத்துக்குள் புகுந்துவிட்டால், அம்பின் முழு விசையும் அந்த ஒற்றை வளையத்தை மூடியிருக்கும் சிற்றாணியில், அதாவது தறையில், போய் விழும். தறை பிய்ந்தால் வழி திறந்துவிடும். அதனால்தான் வளையக் கவசத்தின் அடியில் பல அடுக்குத் துணி வைத்துத் தைத்த தடித்த சட்டையைப் போட்டார்கள்.

வளையங்களுக்குப் பதில் முழு உலோகத் தகட்டால் ஆன கவசம் வந்ததும் கதை மாறியது. அம்பு உள்ளே போக வேண்டுமானால் உலோகத்தைக் கிழித்து, ஓரங்களை மடக்கி, தண்டு நுழையும் அளவுக்குத் துளையை விரிக்க வேண்டும். ஆற்றலில் பெரும்பங்கு இதற்கே செலவாகிவிடும். தகட்டின் தடிமன் இரட்டிப்பானால் தேவைப்படும் ஆற்றல் இரட்டிப்பாவதோடு நிற்காமல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் அது உயிர் காக்கிற விஷயம். ஆனால் முழுக்கத் தடித்த தகடாகவே போட்டுக்கொண்டால் ஆள் நடக்க முடியாது. அதனால் மார்பின் நடுவில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வைத்து, பக்கங்களிலும் கை கால்களிலும் மெலிதாக்கினார்கள். எங்கே சாவு வரும், எங்கே வெறும் காயம் வரும் என்று கொல்லருக்குத் தெரிந்திருந்தது.

வடிவம் இன்னும் முக்கியம். அம்பு நேர்க்குத்தாக இல்லாமல் அதிலிருந்து 60 டிகிரி சாய்வாக வந்து விழுந்தால், அது கடக்க வேண்டிய உலோகத்தின் தடிமன் இரண்டு மடங்காகிவிடும். பெரும்பாலும் அதற்கு முன்பே முனை வழுக்கி விலகிப் போய்விடும். மார்புத் தகடு பானையின் வயிறுபோல உருண்டு புடைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். இத்தாலியின் மிலான் நகரப் பட்டறைகளின் நல்ல கவசங்கள் எஃகால் ஆனவை. மலிவான கவசமோ கசடு கலந்த இரும்பு, எளிதில் விரிசல் விடும். ஆக, அம்பின் எதிரே நிற்பவனின் பணப்பையும் சண்டையில் சேர்ந்துகொள்கிறது. மறுபக்கம், கிடைத்திருக்கும் ஊசிமுனை அம்பு நுனிகளில் பலவும் கடினப்படுத்தாத வெறும் இரும்பு. நுனிகளுக்கு எஃகு வைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்று 1406-இல் இங்கிலாந்தில் சட்டமே போட வேண்டியிருந்தது.

2019-இல் இங்கிலாந்தில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். அந்தக் கால முறையில் அடித்த, நடுவில் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மார்புத் தகடு, 160 பவுண்டு வில், தேர்ந்த வில்லாளர். 25 மீட்டரிலிருந்து எய்த அம்புகளில் ஒன்றுகூட அந்தத் தகட்டைத் துளைக்கவில்லை. குழி விழுந்தது, அம்பின் நுனி மடங்கியது, தண்டு சிதறியது. அவ்வளவுதான்.

அப்படியானால் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் தோற்றார்கள்? தலைக்கவசத்தின் பக்கவாட்டையும் முகமூடியையும் அம்புகள் துளைத்ததாக அன்று களத்தில் இருந்த ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் எழுதியிருக்கிறார். அந்த இடங்கள் மெலிதானவை, முகமூடியில் கண்ணுக்கும் மூச்சுக்கும் திறப்புகள் வேறு. அதனால் வீரர்கள் தலையைக் குனிந்துகொண்டு, எதிரே இருப்பது சரியாகத் தெரியாமல், புழுக்கத்தில் மூச்சு வாங்கியபடி, மழையில் ஊறிய உழவு நிலத்துச் சேற்றில் நடக்க வேண்டியிருந்தது. குதிரைகளுக்கு அந்தப் பாதுகாப்பும் முழுதாக இல்லை. அம்பு பட்ட குதிரைகள் திரும்பி ஓடித் தங்கள் படையையே மிதித்தன. களைத்து நெருக்கியடித்து வந்து சேர்ந்தவர்களை வில்லாளர்கள் வில்லைக் கீழே போட்டுவிட்டு, கோடாலியும் சுத்தியலும் குத்துவாளுமாகப் போய்த் தாக்கினார்கள். கவசம் தன் வேலையைச் சரியாகச் செய்தும் கவசதாரிகள் தோற்றார்கள் என்பதுதான் எனக்கு இதில் மனதை உலுக்கும் விஷயம்.

அந்த 2019 சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. உடைந்த அம்பின் மரச்சில்லுகள் வளைந்த தகட்டின் மேல் வழுக்கி, நேராகத் தொண்டையை நோக்கிப் பறந்தன. தகட்டைத் துளைக்காத அம்பும் ஆளைக் கொல்லலாம். அப்புறம், அந்தக் காலத்து மார்புத் தகடுகள் சிலவற்றை உற்றுப் பார்த்தால், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக ஒரு இரும்பு வரப்பைத் தறைந்திருப்பார்கள். பார்க்க அலங்காரம்போல இருக்கும். மேலே வழுக்கி வரும் எதையும் கழுத்துக்குப் போகவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுவது அதுதான்.