டிஷ்யூ பேப்பரில் ஒரு கேப், அதைச் சுற்றி ஒரு கேரமல் உருண்டை

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். மடித்த டிஷ்யூ பேப்பரைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தால் பழுப்பாக ஒரு கேரமல் உருண்டை, அதில் பாதி புதைந்தபடி ஆறு மாதத்துக்கு முன்னால் நான் அவர் பல்லின் மேல் ஒட்டிய கேப். "கடிக்கவே இல்ல டாக்டர், சும்மா ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சிருந்தேன்" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு கிலோ கட்டியாம், வீட்டில் வேறு யாரும் தொடவில்லையாம், தூக்கிப் போட மனசு வராமல் இவர் ஒருத்தரே கத்தியால் மூலையைப் பெயர்த்துப் பெயர்த்து ஒரு மாதத்துக்கு மேலாக அதைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

கேப் போனதுகூடப் பரவாயில்லை, திரும்ப ஒட்டிவிடலாம். பக்கத்துப் பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டுகள் இருந்ததுதான் எனக்குக் கோபம். அது சொத்தையின் ஆரம்பம். நான் காட்டியபோது அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்: "ஒரே நேரத்துல நிறைய சாப்பிடலையே டாக்டர், தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே சாப்பிட்டேன்."

அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான் பிரச்சினையே. வயிற்றுக்கு அது நல்ல கணக்காக இருக்கலாம், சர்க்கரை அளவுக்கும் இருக்கலாம், பல்லுக்கு அப்படியே தலைகீழ். வாயில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஐந்து கிராம் கிடைத்தாலும் ஐம்பது கிராம் கிடைத்தாலும் வேலையை ஆரம்பித்துவிடும். சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறி, பிஎச் (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும், பிறகு எச்சில் வந்து அதைச் சரிக்கட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இது ஒரு தடவைக்கு. காலையில் ஒரு துண்டு, போகிற போக்கில் ஒரு துண்டு, போனில் பேசிக்கொண்டே ஒரு துண்டு என்று பத்துத் தடவை போட்டால் ஐந்து மணி நேரம் உங்கள் பல் அமிலத்தில் நிற்கிறது, எச்சிலுக்கு ரிப்பேர் பார்க்க இடைவெளியே இல்லை. அதே பத்துத் துண்டையும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரே மூச்சில் சாப்பிட்டிருந்தால் ஒரே ஒரு தடவைதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு பல் டாக்டரே மொத்தமாகச் சாப்பிடச் சொல்கிறாரே என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

நம்பாதவர்களுக்கு ஒரு பழைய கதை. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்றொரு மருத்துவமனை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த இடம். 1940களின் பிற்பாதியில் அங்கே ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை உணவோடு கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்குப் பல்லில் ஒட்டும்படி இதற்கென்றே செய்த டாஃபியை உணவு வேளைகளுக்கு நடுவில் நாள் முழுக்கக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒரு நாளைக்கு 24 வரை. உணவோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. நடுநடுவே டாஃபி சாப்பிட்டவர்களின் பற்கள் நாசமாகிப் போயின. சம்மதம் சொல்ல முடியாத மனிதர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது, எனக்கும் ஒவ்வொரு முறை இதைச் சொல்லும்போது உறுத்தும். ஆனால் 1954இல் வெளியான அதன் முடிவு இன்றுவரை நிற்கிறது: எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஸ்வீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் பரவியது இதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. ஒட்டுவதால்தான் கேரமல் சொத்தையாக்குகிறது என்று நினைத்து, அதற்குப் பதிலாகப் பிஸ்கட் கொறிப்பவர்கள் இருக்கிறார்கள். கேரமலாவது எச்சிலில் கரைந்து போய்விடும், பிஸ்கட்டின் மாவு பல்லிடுக்கில் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். ஒட்டும் குணத்தின் வேலை வேறு. அது கேப்பைப் பிடுங்கும், ஃபில்லிங்கைப் பெயர்க்கும், கிளிப் போட்டவர்களின் பிராக்கெட்டைக் கழற்றும். எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன்: கேப்பைக் கழற்ற வேண்டியிருந்தால் நாங்களே சில சமயம் மிட்டாய் மாதிரி இருக்கும் ஒரு பிசின் கட்டியை வெந்நீரில் இளக்கி, பேஷண்டைக் கடித்துப் பிடிக்கச் சொல்லி, பிறகு சட்டென்று வாயைத் திறக்கச் சொல்வோம். கேப் கையோடு வந்துவிடும். நீங்கள் அதையேதான் வீட்டில் காசு கொடுக்காமல் செய்துகொள்கிறீர்கள்.

சரி, அந்த ஒரு கிலோ கட்டியை என்ன செய்வது? குப்பையில் போடச் சொல்ல மாட்டேன், எனக்கும் கேரமல் பிடிக்கும். கட்டியாக வைத்திருக்காதீர்கள், அவ்வளவுதான். கட்டியாக இருக்கும்வரை போகும்போதும் வரும்போதும் கை அதன் பக்கம்தான் போகும்.

முதல் வேலை, உருக்கிச் சாஸாக்குவது. வெண்ணெயும் க்ரீமும் சேர்த்துச் செய்த மென்மையான கேரமலாக இருந்தால் 200 கிராமுக்கு 60 முதல் 100 மில்லி க்ரீம் போதும். 60 விட்டால் கெட்டியாக இருக்கும், 100 விட்டால் ஊற்றுகிற பதம். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து நிதானமாகக் கிளறுங்கள், நேரடித் தீயில் வைத்தால் அடி பிடித்துக் கசக்கும். மைக்ரோவேவ் என்றால் 30 விநாடி வைத்து எடுத்துக் கிளறி மறுபடி வைப்பது. க்ரீமை வெதுவெதுப்பாக்கிச் சேருங்கள், சூடான கேரமலில் குளிர்ந்த க்ரீமைக் கொட்டினால் பொங்கித் தெறிக்கும். உருகிய கேரமல் வெந்நீர் போல வழிந்து ஓடாது, தோலில் அப்பிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், பற்பசை தடவாதீர்கள். (அதைப் பல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

க்ரீம், பால் எதுவும் சேராமல் வெறும் சர்க்கரையைக் காய்ச்சிய கண்ணாடி மாதிரியான கேரமல் என்றால் வேறு வழி. கெட்டியான பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நுணுக்கி, பொடியை இனிப்புகளின் மேல் தூவலாம். இல்லையென்றால் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் அதுவே சிரப் ஆகிவிடும்.

சாஸைச் சாப்பாட்டின் கடைசியில் ஐஸ்கிரீமிலோ வேகவைத்த ஆப்பிளிலோ வாழைப்பழத்திலோ ஊற்றிச் சாப்பிடுங்கள், கேக்குக்கு நடுவில் தடவுங்கள், ஒரு சிட்டிகை உப்பு போட்டு வறுத்த முந்திரி, பாதாமோடு கலந்து பாருங்கள், நன்றாக இருக்கும். சூடான பாலில் ஒரு ஸ்பூன் கரைத்துக் குடிக்கலாம், ஆனால் உட்கார்ந்து குடித்து முடித்துவிடுங்கள். கேரமல் காபியை மூடி போட்ட கப்பில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உறிஞ்சுபவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அவர்களுக்கும் மூலையைப் பெயர்த்தவருக்கும் பல் விஷயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஐஸ்கிரீமில் கேரமல் துண்டுகளை அப்படியே போடாதீர்கள், குளிரில் கல்லாகிவிடும், அதைக் கடித்துப் பல்லில் விரிசல் விட்டு வந்தவர்களும் உண்டு.

இப்போதைக்குத் தேவைப்படாததைக் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அப்படியே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், உடனே பிரித்தால் ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும். வெட்டுவதும் அப்போதுதான், லேசாக எண்ணெய் தடவிய பெரிய கத்தியால் அழுத்தி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கத்தியால் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டு வந்தால் நான் தையல் போட மாட்டேன், அது வேறு டிபார்ட்மென்ட்.

வெட்டிய துண்டுகளைத் தாளில் சுற்றி மேசைமேல் கிண்ணத்தில் வைக்காதீர்கள். தயவுசெய்து. அந்தக் கிண்ணத்தால் எனக்கு வந்த பேஷண்டுகள் எத்தனை பேர் தெரியுமா? சுற்றி வைத்தால் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தற்காலிக கேப், கிளிப், பல்செட், பெரிய ஃபில்லிங் இருப்பவர்கள் கட்டிக் கேரமலை வாயில் போடவே வேண்டாம், சாஸ் மட்டும். சின்னக் குழந்தைகளுக்கும் கட்டி கூடாது, பல்லுக்காக அல்ல, தொண்டையில் சிக்கும் என்பதற்காக. சாப்பிட்டதும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள், பிரஷ்ஷை அரை மணி நேரம் கழித்து எடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் கேரமல் கிடையாது, தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு கேப் கழன்றுவிட்டதா, அதைக் கேரமலோடு சேர்த்துத் துப்பித் தொலைக்காதீர்கள், விழுங்கவும் செய்யாதீர்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும், ஆனால் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் என்னிடம் வராமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். கையில் இருந்தால் கத்தி முனையால் சுரண்டாமல், கேரமலோடு அப்படியே ஒரு சின்ன டப்பியில் போட்டு எடுத்து வாருங்கள், வெந்நீரில் நாங்களே பிரித்துக்கொள்வோம். சூப்பர் க்ளூ போட்டு நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள். போன மாதம் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார், பின்பக்கம் முன்பக்கமாக.