கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா?

சாலையோர வேகக் கேமராவை நெருங்கும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும், கண்காணிப்பின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். கேமராவுக்குச் சற்று முன்னால் பிரேக், தாண்டியதும் மறுபடி ஆக்ஸிலேட்டர். போக்குவரத்து ஆய்வாளர்கள் இதற்குக் கங்காரு விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிகிற வரை, அது இல்லாத இடமும் தெரியும்தானே.

சரி, யாரும் பார்க்காத இடத்திலும் ஆளை ஒழுங்காக நடக்க வைப்பது எப்படி? இதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் படம் போட்டு விடை சொன்னார். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம். 1786-87இல், இன்றைய பெலாரஸில் இருக்கும் கிரிச்சேவில் தம்பி சாமுவேலிடம் போய்த் தங்கியிருந்தார். தொழிலாளர்களை மேற்பார்வை செய்யத் தம்பி யோசித்து வைத்திருந்த வட்டக் கட்டடத்தை அண்ணன் சிறைச்சாலையாக விரித்து எழுதினார். அதுதான் பனாப்டிகான்.

வட்டத்தின் விளிம்பில் அறைகள், நடுவே கோபுரம். ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சுவரில் ஜன்னல் இருப்பதால் கைதியின் உருவம் பின்னொளியில் தெளிவாகத் தெரியும். கோபுரத்திலோ மறைப்புத் தட்டிகள், உள்ளே குறுக்குத் தடுப்புகள், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கதவுக்குப் பதில் வளைந்து வளைந்து போகும் வழி. கதவு என்றால் திறக்கும்போது சத்தம் வரும், கீற்றாக வெளிச்சம் கசியும், காவலர் உள்ளே இருப்பது தெரிந்துபோகும். பெந்தம் அதைக்கூட விட்டுவைக்கவில்லை. கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று கைதிக்குக் கடைசி வரை தெரியக்கூடாது. தெரியாதபோது, இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடப்பான். காவலர் பார்க்க வேண்டிய வேலையைக் கைதியே தன் மீது பார்த்துக்கொள்வான், அதுவும் சம்பளம் இல்லாமல். (பிரிட்டிஷ் அரசு இதைக் கட்டவே இல்லை. 1813இல் 23,000 பவுண்டு இழப்பீடு கொடுத்துப் பெந்தமை அனுப்பிவிட்டது.)

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975இல் இந்தப் படத்தைத் தூசி தட்டி எடுத்து, இது சிறையோடு நிற்கிற விஷயம் இல்லை என்றார். பள்ளி, ராணுவ முகாம், தொழிற்சாலை, மருத்துவமனை எல்லாவற்றிலும் கால அட்டவணை, வருகைப் பதிவு, மதிப்பெண். தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவரைக் கவனிப்பது, மற்றவர்களோடு ஒப்பிட்டு இடம் கொடுப்பது, அதைக் காகிதத்தில் எழுதி வைப்பது என மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதற்கு முந்தைய வழி வேறு: 1757இல் மன்னர் 15ஆம் லூயியைக் கத்தியால் குத்திய தாமியான் என்பவரைப் பாரிஸில் பொது இடத்தில் கூட்டத்தின் முன்னால் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தச் செலவும் கூட்டமும் இல்லாமலே காரியம் நடக்கும் என்பதைப் பிற்பாடு வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். தண்டனை கொடூரமாக இருப்பதைவிடத் தப்பாமல் கிடைப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்கரியா 1764லேயே எழுதினார். இன்றைய குற்றவியல் ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மட்டுமே போதுமா? 2006இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஒரு சோதனை வெளியானது. தேநீர், காபி எடுத்துக்கொண்டு காசைத் தாங்களே பெட்டியில் போட வேண்டிய இடத்தில், பூப்படம் ஒட்டிய வாரங்களைவிடக் கண்களின் படம் ஒட்டிய வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு சேர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கண் படங்கள் மனிதர்களைத் தாராளமாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் நிற்கவில்லை. பொது இடங்களில் வைக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் கதையும் இப்படித்தான்: வாகன நிறுத்தங்களில் நன்றாகப் பலன் தருகின்றன, வன்முறைக் குற்றங்களில் சொல்லும்படி இல்லை. ஆத்திரத்தில் கை ஓங்குகிறவர் மேலே நிமிர்ந்து கேமராவைத் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வந்ததுதான் பெரிய மாற்றம்: பார்ப்பதை விட்டுப் பதிவு செய்வது. சராசரி வேகக் கேமரா இரண்டு இடங்களில் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். இடையில் 6 கிலோமீட்டர், வரம்பு மணிக்கு 60 என்றால், கடக்க 6 நிமிடமாவது ஆக வேண்டும். நாலரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி 80 என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். கேமரா முன்னால் மட்டும் பிரேக் போடுகிற வித்தை இங்கே பலிக்காது.

பதிவு எங்கே வந்தாலும் பதிவை ஏய்க்கும் வழியும் கூடவே வரும். மவுஸ் அசைவை வைத்து வேலை நேரத்தை அளக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆள் இல்லாதபோது மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் கருவியும் கடையில் கிடைக்கிறது. அளக்கிறவருக்கு எண் கிடைக்கிறது, வேலை அப்படியேதான் கிடக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெந்தமின் கோபுரம் வேலை செய்ய, அது கைதியின் கண்ணில் பட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பயம் வராது. நம்மைப் பற்றிய பதிவுகளைச் சேர்த்து அலசும் இன்றைய தரவுக் கண்காணிப்புக்கு நம் பயம் தேவையே இல்லை. நம்மைத் திருத்தும் எண்ணமும் அதற்குக் கிடையாது. தரம் பிரிப்பதோடு சரி. கடன் மறுக்கப்படும், காப்பீட்டுக் கட்டணம் ஏறும், வேலை விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே நிற்கும். இதைத் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை, என்ன தப்பு செய்தோம் என்றும் தெரியாது, அதனால் திருந்தவும் வழி இல்லை.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுக்கக்கூடாது என்கிறது. விதிவிலக்காக எடுக்கும் பல சமயங்களில் ஒரு மனிதர் தலையிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அப்படி ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்பதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமையும் அதிலேயே இருக்கிறது. தெரியாவிட்டால் எதைப் போய்க் கேட்பது?