உடம்புக்குள் காற்று அடைபட்டிருந்தால் விமானம் ஏறலாமா?

1995 மே மாதம், ஹாங்காங்கிலிருந்து லண்டன் கிளம்பிய விமானத்தில், பைக்கிலிருந்து விழுந்திருந்த ஒரு பெண் இருந்தார். கையில்தான் அடி என்று நினைத்தார்கள். மேலே போன பிறகு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல். பயணிகளில் ஒருவரான எலும்பு அறுவை நிபுணர் ஆங்கஸ் வாலஸும் இன்னொரு டாக்டரும் பார்த்தபோது, விலா எலும்பு உடைந்து, நுரையீரல் சுருங்கி, நெஞ்சுக்கூட்டில் காற்று அடைபட்டிருந்தது தெரிந்தது. சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி, பிராந்தியில் கழுவி, மருத்துவப் பெட்டியிலிருந்த சிறுநீர்க் குழாய்க்குள் விட்டு, அந்தக் குழாயை நெஞ்சில் செருகினார்கள். மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். அடைபட்ட காற்று குமிழ்குமிழாக வெளியேறியது, அவர் பிழைத்துக்கொண்டார்.

தரையில் பெரிதாகத் தெரியாத அடி, மேலே போனதும் ஏன் உயிருக்கே உலை வைத்தது? விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அந்த அழுத்தத்தில் உடம்புக்குள் அடைபட்ட காற்று சுமார் 30 சதவீதம் வரை விரியும். போக வழியில்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதை அழுத்தும். நுரையீரல் சுருங்கியவர்கள், எக்ஸ்ரேயில் முழுசாகச் சரியான பிறகும் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அடிபட்டு வந்ததென்றால் இரண்டு வாரம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் என்றாலும், நான் அதிகம் கவலைப்படுவது கண்ணைப் பற்றித்தான். விழித்திரை விலகலுக்கு ஆபரேஷன் செய்யும்போது, விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் கேஸ் நிரப்புவது உண்டு. கேஸின் வகையைப் பொறுத்து, அது முழுசாகக் கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதற்குள் விமானம் ஏறினால் கேஸ் விரிந்து, கண் அழுத்தம் எகிறி, ரத்த ஓட்டம் நின்று பார்வையே போய்விடக்கூடும். "வலியே இல்லை டாக்டர், துபாய்க்கு டிக்கெட் போட்டாச்சு" என்பார்கள். வலி இல்லை என்பதால் கேஸ் கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கண் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் உறுதி. அதுவரை காரில் ஊட்டி, கொடைக்கானல் போவதும் கூடாது. அங்கேயும் இதே கதைதான். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் கேஸ் இருப்பதை முதலில் சொல்லுங்கள். சில மயக்க வாயுக்களும் அதை விரியச் செய்யும்.

என் கிளினிக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் சளியோடு பறந்தவர்கள். காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் சிறு குழாய் சளியால் வீங்கியிருக்கும். விமானம் இறங்கும்போது காதுக்குள் காற்று திரும்பப் போக முடியாமல் செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். சிலருக்கு ரத்தம் கட்டும், சிலருக்குக் கிழியும். கடுமையான சளி என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. முடியாது என்றால், இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு சொட்டு மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த நேரத்தில் தூங்க வேண்டாம். எச்சில் விழுங்கும்போதுதான் அந்தக் குழாய் திறந்து காதுக்குள் காற்று போகும், தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள்.

எலும்பு முறிந்து முழு மாவுக்கட்டு போட்ட இரண்டு நாளுக்குள் பறந்தே ஆக வேண்டுமா? மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே அடைபட்ட காற்றும் வீக்கமும் சேர்ந்தால் ரத்த ஓட்டம் தடைப்படும். விமான நிறுவனங்களிடம் டாக்டர் நிரப்பித் தர வேண்டிய மருத்துவப் படிவம் இருக்கும். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டிக்கெட் போடும்போதே அதைக் கேட்டு வாங்கி, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கொடுங்கள்.