ரெண்டு நிமிஷ முள்ளும் ஒத்துப்போகலைன்னு கடிகாரத்தை 'சரி' பண்ணிடாதீங்க

நமக்கு சொந்த ஊர் புதுச்சேரி, வேலை பாரிஸ்ல, பழைய கடிகாரம் ரிப்பேர் பண்ற பட்டறையில. போன நவம்பர்ல ஒரு வயசான பிரெஞ்சு அம்மா, தாத்தா காலத்து மேஜைக் கடிகாரம் ஒண்ண போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. வெள்ளை பளிங்கு, மேல தங்கமுலாம் பூசின வெண்கலம், எனாமல் டயல். மணி முள்ளு ஒண்ணு, நிமிஷ முள்ளு ரெண்டு. ஒண்ணு நீல ஸ்டீல், இன்னொண்ணு தங்க கலர்ல நுனியில குட்டியா சூரியன் மூஞ்சி. "ஏற்கனவே ஒருத்தர்கிட்ட குடுத்தேன், ஓரளவு பக்கத்துல கொண்டுவந்துட்டார், ஆனா இன்னும் பதினோரு நிமிஷம் வித்தியாசம் இருக்கு, அதையும் சரி பண்ணிடுங்க"ன்னாங்க. எனக்கு அப்பவே வயித்துல புளிய கரைச்சுது.

ஏன்னா நவம்பர் 3 வாக்குல அந்த வித்தியாசம் 16 நிமிஷத்துக்கு மேல இருக்கணும். பதினோரு நிமிஷம்தான் தப்பு!

விஷயம் என்னன்னா, நீல முள்ளு காட்டறது எல்லா நாளும் சமமா 24 மணி நேரம்னு வெச்ச சராசரி நேரம், தங்க முள்ளு காட்டறது சூரியக் கடிகாரம் சொல்ற நேரம். சூரியன் உச்சிக்கு வர்றதுல இருந்து மறுநாள் உச்சிக்கு வர்ற வரைக்கும் எல்லா நாளும் சரியா 24 மணி நேரம் ஆகாது. பூமி நீள்வட்டத்துல சுத்துது, ஜனவரி ஆரம்பத்துல சூரியனுக்கு கிட்ட இருக்கும்போது வேகமா ஓடும், அதோட அச்சு வேற 23.4 டிகிரி சாய்ஞ்சிருக்கு, இந்த ரெண்டும் சேர்ந்து தினமும் சில செகண்ட் கூடவோ குறையவோ ஆகி, அது அப்படியே சேர்ந்துக்கிட்டே போய் நவம்பர்ல சூரியக் கடிகாரம் 16 நிமிஷம் முந்தி இருக்கும், பிப்ரவரி 11 கிட்ட 14 நிமிஷம் பிந்தி இருக்கும். வருஷத்துல நாலே நாள்தான், ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்குல, ரெண்டும் ஒண்ணா நிக்கும்.

அந்தக் காலத்துல இது சும்மா அழகுக்கு வெச்சதில்ல. கடிகாரத்துக்கு நேரம் வைக்க சூரியன விட்டா வேற வழி ஏது. பாரிஸ்ல பலே ராயல்ங்கிற அரண்மனைத் தோட்டத்துல 1786ல ஒரு குட்டி பீரங்கி வெச்சாங்க, உச்சி வெயில் லென்ஸ் வழியா விழுந்து மருந்து பத்திக்கிட்டு தானா வெடிக்கும், அந்த சத்தத்த கேட்டு ஜனங்க வாட்ச்ல நேரம் வெச்சுக்குவாங்க. வெடிச்சது சூரிய மணி 12. வீட்டுல சூரிய முள்ள 12க்கு கொண்டுவந்தா, நீல முள்ளு சராசரி நேரத்த தானா காட்டிடும், கணக்கு போட வேண்டியதே இல்ல. (பாரிஸ் கடிகாரக்காரங்க சங்கத்தோட லத்தீன் வாசகமே, சூரியன் சொல்ற பொய் மணிய இது காட்டிக்குடுக்கும்ங்கிற மாதிரிதான். தொழில் திமிர் பாருங்க!)

இத செய்யறது உள்ள இருக்கற ஒரு பித்தளைத் தகடு. அவரைவிதை மாதிரி ஒரு பக்கம் உள்ள வளைஞ்சிருக்கும், வருஷத்துக்கு ஒரே ஒரு சுத்து. அதோட விளிம்புல ஒரு கை சாய்ஞ்சுக்கிட்டு ஏறி இறங்கும், அதுதான் சூரிய முள்ள முன்னாடியோ பின்னாடியோ தள்ளும். அந்த அம்மாவோட கடிகாரத்த திறந்து லூப்ல (கண்ணுல வெச்சு பாக்கற பூதக்கண்ணாடி) பாத்தா, மத்த விளிம்பெல்லாம் இருநூறு வருஷத்து பழுப்பு, நவம்பர் மேட்டுல மட்டும் பளபளன்னு அரத்தால ராவின கோடு. முள்ளு ரெண்டையும் கிட்ட கொண்டுவர மனுஷன் தகட்டையே ராவிட்டார். பிப்ரவரி வந்திருந்தா என்ன பண்ணிருப்பாரோ, ஈயம் வெச்சு மேடு கட்டிருப்பாரோ என்னவோ.

எந்த நாளைக்கு எத்தனை நிமிஷ வித்தியாசம்ங்கிற அட்டவணைய வெச்சு புதுசா ஒரு தகடு அறுத்துப் போட்டேன், பழசு கவர்ல போட்டு பெட்டிக்குள்ளயே இருக்கு. அத தூக்கிப் போடக்கூடாது, அடுத்து திறக்கறவருக்கு அதுதான் சாட்சி.

உங்க வீட்டுலயோ ஏலத்துலயோ இப்படி ரெண்டு நிமிஷ முள்ளு கடிகாரம் கண்ணுல பட்டா, மொதல்ல அது காட்டற தேதிய பாருங்க. ஆறு மாசம் நின்னு போன கடிகாரம் இன்னும் ஆறு மாசம் முன்னாடி சூரியனத்தான் காட்டும், தேதிய இன்னிக்கு நகர்த்தினாலே முக்காவாசி 'கோளாறு' போயிடும். முள்ள பின்னாடி திருப்பாதீங்க, தேதிய நகர்த்தற சக்கரத்தோட பல்லு உடையலாம். முலாம் மங்கலா இருக்குன்னு பித்தளை பாலிஷ் போட்டு தேய்க்கவே தேய்க்காதீங்க, அது பாதரசத்துல கலந்து சுட்டு ஏத்தின தங்கம், போனா போனதுதான்.

இன்னொண்ணு. நீல முள்ள மொபைல் பாத்து வெச்சா சூரிய முள்ளு இன்னிக்கு சூரியனோட ஒத்துப்போகாது. பிரான்ஸ் இப்ப போடறது கிரீன்விச் நேரத்தோட ஒரு மணி கூட்டி, ஆனா பாரிஸோட சொந்த நேரம் கிரீன்விச்ச விட 9 நிமிஷம் 21 செகண்ட்தான் முந்தி. அதனால குளிர்காலத்துல மொபைல் நேரத்த விட 50 நிமிஷம் 39 செகண்ட் பின்னாடிதான் நீல முள்ள நிறுத்தணும், கோடையில இன்னும் ஒரு மணி நேரம் பின்னாடி.

அந்த அம்மா இத கேட்டுட்டு, மொபைல் நேரமே இருக்கட்டும், சமையலறையில கணக்கு போட முடியாதுன்னுட்டாங்க. டிசம்பர் 25 அன்னிக்கு போன் பண்ணாங்க, முள்ளு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது, ஏதாச்சும் உடைஞ்சு போச்சான்னு.